பொழுது போகாமல் யாரும் பூனை வளர்ப்பதில்லை

பூனை வளர்க்கும் பெண்ணைப் பற்றி நம் ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு பூனை இருந்தால் செல்லம். இரண்டு இருந்தால் ஆசை. ஐந்தைத் தாண்டினால் அவள் வாழ்க்கையில் ஏதோ குறை. கையில் ஊசியும் நூலும் வேறு இருந்துவிட்டால் சாட்சியே தேவையில்லை. "பாவம், பொழுது போகணுமில்ல?" என்று யாராவது ஒருவர் முடித்துவைப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

என் வீட்டில் பதினொரு பூனைகள். எல்லாம் தெருவிலிருந்து வந்தவை. மழைநீர்க் கால்வாயில் கிடந்தது, பழைய வீட்டை இடித்தபோது தாய் தூக்கிப் போக முடியாமல் விட்டது, காலில் வண்டி ஏறியது, காய்கறிப் பையில் போட்டு வாசல் கேட்டில் மாட்டப்பட்டது. கடைசியில் சொன்னது பெர்ஷியன். யாரோ காசு கொடுத்து வாங்கி, முடி சீவ அலுத்துப்போய்க் கைகழுவியது. இவற்றுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறேன். ஆகவே மேற்படித் தீர்ப்பு எனக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். மேல்முறையீட்டையும் நானே எழுதிவிடுகிறேன்.

எதிர்த்தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். கோபக்காரர்கள் 'பைத்தியம்' என்கிறார்கள். இரக்கப்படுகிறவர்கள் 'தனிமை' என்கிறார்கள். பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் என் பொறுமையை அதிகம் சோதிப்பவர்கள்: "எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை! உங்களுக்கு இதுவே தியானம்." குரல் வேறு வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு பெண் இத்தனை நேரத்தைப் பூனைக்கும் நூலுக்கும் கொடுக்கிறாள் என்றால், அந்த நேரம் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியது. அந்த ஆள் இல்லாததால் இங்கே வந்திருக்கிறது. கணவன், பிள்ளை, உத்தியோகம், மன அமைதி என்று எது இல்லையோ அதன் நாற்காலியில் பூனையை உட்கார வைத்திருக்கிறோமாம். இந்தக் கணக்கு அடியோடு தப்பு என்பது என் கட்சி.

எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, பிள்ளைகள் உண்டா என்று இங்கே சொல்லப் போவதில்லை. உண்டு என்றால் "அப்படியா, அப்ப சரி" என்று மன்னித்துவிடுவீர்கள். இல்லை என்றால் "அதானே பார்த்தேன்" என்பீர்கள். இரண்டு பதிலிலும் பூனையைப் பற்றியோ தையலைப் பற்றியோ ஒரு சேதியும் கிடையாது.

வடசென்னை மொட்டைமாடிகளுக்குப் போய்ப் பாருங்கள். பந்தயப் புறா வளர்க்கும் ஆண்கள் இருக்கிறார்கள். தனித்தனிக் கூண்டு, தேர்ந்தெடுத்த தானியம், காலுக்கு வளையம், மருந்து, பயிற்சி என்று சம்பாத்தியத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. பறக்கவிட்ட புறா திரும்புகிறதா என்று மணிக்கணக்கில் அண்ணாந்து நிற்பவரிடம் போய், "வீட்டில் பேச ஆள் இல்லையா அண்ணே?" என்று எவரும் கேட்டதில்லை. 'மாரி' படத்தில் தனுஷ் புறா வளர்த்தால் அது கதாநாயகனின் கெத்து. ஜல்லிக்கட்டுக் காளையைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்குகிறது. அதே 'பிள்ளை மாதிரி'யை ஒரு பெண் பூனையைக் காட்டிச் சொல்லட்டும், உடனே நோய்க்குறி. அப்படியானால் இங்கே எடை போடப்படுவது விலங்கும் இல்லை, செலவான நேரமும் இல்லை. வளர்க்கிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் தராசு சாய்கிறது.

இது நம் ஊரின் தனிச்சொத்து என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜே.டி. வான்ஸ் 2021இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பிள்ளையில்லாத பூனைக்காரிகள் நாட்டை நடத்துகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். 2024 தேர்தலில் அந்தப் பேச்சு அவரையே சுற்றிவந்தது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பூனையைத் தூக்கிவைத்திருக்கும் படத்தோடு கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்து, அந்தப் பட்டத்தையே தன் பெயரோடு போட்டுக்கொண்டார். வேடிக்கைதான். ஆனால் கேலியை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டால் அது மறுப்பாகிவிடாது. கேலிக்குள் இருக்கும் தகவல் பிழை அப்படியே நிற்கும். பிழையைத் திருத்த வேண்டுமானால் 2019இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 'ராயல் சொசைட்டி ஓபன் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 500க்கும் மேற்பட்டவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், மனித உறவுகளில் அவர்களுக்குள்ள அனுபவம் ஆகியவற்றைக் கேட்டு அளந்தார்கள். பூனை வளர்ப்பவர்கள் மற்றவர்களைவிட எதிலும் மோசமாக இல்லை. வேதனையில் கத்தும் விலங்கின் குரல் விலங்கு வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சோகமாகக் கேட்கிறது என்பது மட்டும் தெரியவந்தது. அது ஒரு குறை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, மருத்துவம் பேசும் பெரியம்மாக்கள். "பூனை முடி வயித்துல போனா பிள்ளை தங்காது." புதுப்பெண் இருக்கும் வீட்டில் பூனை இருந்தால் இந்த வாக்கியம் காபி டம்ளரோடு சேர்ந்தே வரும். இதில் துளி உண்மை கலந்திருக்கிறது. அந்தத் துளியை வைத்துக்கொண்டுதான் பொய் இத்தனை காலம் உயிர் பிழைத்திருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில் பெருகும். கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு அது முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் அது முடியில் வருவதில்லை, மலத்தில் வருகிறது. அதுவும் பூனைக்கு முதலில் தொற்றிய சமயத்தில், பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்குத்தான். வெளியே வந்த பிறகும் அது தொற்றக்கூடிய நிலையை அடைய 1 முதல் 5 நாள் பிடிக்கும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால், கர்ப்பிணிக்குப் பதிலாக வீட்டில் வேறு யாராவது செய்தால், பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. சரியாக வேகாத கறியும், கழுவாத கீரையும், வெறுங்கையால் கிளறும் தோட்டத்து மண்ணும் இதே ஒட்டுண்ணிக்கு வழிதான். பூனையைத் துரத்தச் சொல்லும் பெரியம்மா அரைவேக்காட்டு ஈரல் வறுவலைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஒவ்வாமை வேறு விஷயம். அதற்குக் காரணமான புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருந்து வந்து முடியிலும் தூசியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்துமாவும் பூனை ஒவ்வாமையும் உள்ளவர் பூனை வேண்டாம் என்றால் அதில் எனக்கு வழக்கே இல்லை.

நம்பிக்கையை வைத்தே வழக்காடலாம் என்றாலும் என்னிடம் சாட்சி உண்டு. வங்காளத்தில் பிள்ளை வரம் தருபவளும் பிள்ளைகளைக் காப்பவளும் சஷ்டி தேவி. அவளுடைய வாகனம் பூனை. அவள் விரதக் கதையில் ஒரு மருமகள், தான் எடுத்துத் தின்றதைப் பூனை தின்றுவிட்டதாகச் சொல்லிப் பழி போடுகிறாள்; பூனை தேவியிடம் முறையிடுகிறது; மருமகள் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன; மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பக் கிடைக்கின்றன. பூனையால் பிள்ளை போகும் என்று இங்கே சொல்கிறோம். பூனை மேல் பழி போட்டால் பிள்ளை போகும் என்று அங்கே சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ஸ்ரீரங்கம் போதும். தென்கலை வைணவம் சரணாகதிக்கு எடுத்துக்கொண்ட உவமையே பூனைக்குட்டிதான்: குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியையோ தாயே கவ்விக்கொண்டு போகும். மார்ஜார நியாயத்தை உபந்நியாசத்தில் உருகிக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை பூனை குறுக்கே போனதென்று உள்ளே திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி 'நிம்மதி', 'தியானம்' கட்சிக்கு வருகிறேன். அவர்கள் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. மடியில் நூல்கண்டு, அதை உருட்டி விளையாடும் பூனைக்குட்டி. காலண்டரில் பார்த்திருப்பீர்கள், பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் ஒரு முறை நுழைந்த நூலைத் துப்ப அதனால் சுலபத்தில் முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும். தள்ளத் தள்ள, பாவாடைக்குச் சுருக்கு வைக்க நூலை இழுப்போமே, அதே மாதிரி குடல் நூலின் மேல் கொசுவிக்கொண்டு வரும். இறுகிய நூல் உள்பக்கமாகக் குடலை அறுக்கவும் செய்யும். ஊசியோடு விழுங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. அறுவை சிகிச்சையில் குடலை ஒரே இடத்தில் திறந்தால் போதாமல் பல இடங்களில் திறக்க நேரும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். ஆளைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிந்த ஒருத்தி பூனைகளுக்கு நடுவே எம்பிராய்டரி செய்கிறாள் என்றால் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள்? காவலுக்கு உட்கார்ந்திருப்பாள். நான் கத்தரிக்கும் ஒவ்வொரு நூல் துண்டும், அரை அங்குலமாக இருந்தாலும், திருகுமூடி போட்ட பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் போகும். எத்தனை ஊசியோடு ஆரம்பித்தேனோ அத்தனை ஊசியை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒன்று குறைந்தால் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையைத் தேய்க்க வேண்டும். அது கிடைக்கும்வரை அடுப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. வாசல் மணி அடித்தால்கூடத் துணியில் ஊசியைக் குத்திவைத்துவிட்டுப் போகும் பழக்கம் கிடையாது. துணி, வளையம், நூல் எல்லாம் ஜிப் பைக்குள், பை அலமாரிக்குள், அலமாரிக்குப் பூட்டு. கதவு கைப்பிடியைத் தொங்கித் திறக்கும் வித்தையை என் வீட்டுப் பூனைகளில் இரண்டு கற்றுக்கொண்ட பிறகுதான் பூட்டு வந்தது.

பூனை பக்கத்து வேலையும் இதே தரம்தான். கண் திறக்காத குட்டி வந்து சேர்ந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பூனைக்குட்டிக்கான பால்பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் போய்விடும். வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் தடவிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரே போகும். "ஜுரமா? பாதி மாத்திரை போடுங்க" என்று அன்போடு யோசனை சொல்லும் அக்கம்பக்கத்தார் உண்டு. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குப் போதாது. இத்தனையும் மண்டையில் வைத்திருக்கிற ஒருத்தியிடம் வந்து நிம்மதி, தியானம் என்றால் என்ன பதில் சொல்ல?

தையல் தரப்பிலும் ஒரு பழி பாக்கி இருக்கிறது. "இதை வித்தா என்ன கிடைக்கும்?" கேட்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் போடும் மேட்டி துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். சதுர அங்குலத்துக்கு 196 தையல். 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்று ஒரு சின்னச் சதுரம் எடுத்தால் 19,600 தையல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால். மேலே விழும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் படும்போது காட்டிக்கொடுத்துவிடும். 8 மீட்டர் ஆங்கர் கண்டில் ஆறு இழை இருக்கும். அதில் இரண்டிரண்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு வரிசையில் ஒரே ஒரு கட்டம் தவறினால் கீழே உள்ளதெல்லாம் தவறு, பிரிக்க வேண்டும். இதற்குக் கூலி போட்டு விலை சொன்னால் வாங்க ஆளில்லை, வாங்கக்கூடிய விலை சொன்னால் எனக்குக் கூலியில்லை. ஆகவே விற்பதில்லை. ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கும் பெண்ணைத் தொழில்முனைவர் என்று மேடையேற்றுகிறோம். சரிதான், ஏற்ற வேண்டும். ஆனால் ரூபாயாக மாறினால்தான் விரல்களின் வேலைக்கு மரியாதை என்ற விதியைத் தினமும் காலையில் சுடோகு போடும் தாத்தாவிடம் யாரும் நீட்டுவதில்லையே.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை. வளையம் மாட்டுவதில்லை. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். முடித்ததும் நெய்ததா தைத்ததா என்று கண் குழம்பும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைப்பதற்கு முன்னும் அது அதே வேலைதான். எண்ணுவதில் பிழை விடாத மூளையின் வேலை. அதைப் பொழுதைக் கொல்வது என்று வகைப்படுத்துகிறவர், பத்துத் தையலை எண்ணிப் போட்டுவிட்டு வந்து பேசட்டும்.

"மனுஷனே சோத்துக்கு அல்லாடுறான், பூனைக்கு மீனா?" இது ஒழுக்கத்தின் பெயரால் வரும் கேள்வி என்பதால் இதற்குக் கூடுதல் கனம் இருப்பதுபோலத் தோன்றும். கருணை அளந்து ஊற்றுகிற சரக்கு, பூனைக்கு ஊற்றியது மனிதனுக்குக் குறைந்துபோகும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் இதை நம்பவே கூடாது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். அங்கே நடனத்தோடு நிற்காமல் தறி போட்டு நெசவையும் மீட்டெடுத்தார். அந்தப் புடவைகளுக்கு இன்றும் மதிப்பு. அதே அம்மையார் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது; 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது தலைவர் பொறுப்பும் அவருக்கே வந்தது. நூலுக்கும் விலங்குக்கும் நேரம் கொடுத்ததால் மாணவர்களுக்குக் குறைந்துவிட்டது என்று அடையாற்றில் யாராவது சொல்வார்களா? இதே ஊரில் 1959இல் புளூ கிராஸைத் தொடங்கிய கேப்டன் சுந்தரம் ஒரு விமானி. அவருக்கும் வேறு வேலை இருந்தது.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொட்டுவிட்டதால் ஒரு விஷயம். வளர்த்த விலங்கைத் தக்க காரணமில்லாமல், பசியிலும் தாகத்திலும் துன்பப்படும் நிலையில் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. என் கேட்டில் பெர்ஷியன் பூனையை மாட்டிவிட்டுப் போனவர் அகப்பட்டிருந்தால் அதிகபட்சம் ஒரு ஃபில்டர் காபிக் காசோடு தப்பியிருப்பார். ஊர் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அவர் விட்டதை எடுத்து வைத்திருக்கிறவளின் மனநிலையைத்தான் ஆராயும்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதை உள்ள வாதம் ஒன்றே ஒன்று. எண்ணிக்கை கட்டுமீறிப் போய், பூனைகளும் சீரழிந்து வளர்ப்பவரும் சீரழியும் வீடுகள் இருக்கின்றன. உண்மைதான். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு, பொருள்களைக் குவிக்கும் கோளாறைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விலங்குகளைக் குவிப்பதையும் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த விளக்கத்தில் இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எந்த எண்ணும் கிடையாது. போதுமான உணவு, சுத்தம், மருத்துவம் கொடுக்க முடியாமல் போவதும், விலங்குகளின் நிலை மோசமாவதைப் பார்த்தும் எதுவும் செய்யாமல் இருப்பதுமே அதன் அடையாளங்கள். பதினொன்றா, இருபத்தொன்றா என்று கேட்பவர் தவறான கேள்வி கேட்கிறார். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள், கருத்தடை செய்த விவரத்தைக் கேளுங்கள், மணல் தட்டுகளை மோந்து பாருங்கள், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுகிறேன். இரண்டு பூனையை வைத்துக்கொண்டு கருத்தடை செய்யாமல் தெருவில் திரியவிடும் வீடுதான் என் கணக்கில் ஆபத்தான வீடு. பெண்பூனை நான்கு முதல் ஆறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டிகள் பால்குடி மறக்குமுன் மறுபடி சினையாகும். என் வீட்டுப் பதினொன்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட 'அளவான' வீடுகளின் உபரி.

நான் எண்ணிக்கையை நிறுத்தியும் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதுக்கு இடமில்லை. தெருவில் கிடப்பதற்கு மருந்து போடுவேன், பிடித்துக் கருத்தடை செய்து காது நுனியில் அடையாளம் வைத்து அதே தெருவில் விடுவேன், வீடு தேடிக் கொடுப்பேன். உள்ளே சேர்க்க மாட்டேன். இதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டியவர்களும் உண்டு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பைத்தியம், அடுத்த வீட்டில் கல்நெஞ்சம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மிச்சமிருப்பது கடைசிக் கேள்வி. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "உங்களுக்கு அப்புறம் இதுங்களை யார் பார்ப்பாங்க?" நியாயமான கேள்வி. என்ன, பதில் இருக்காது என்ற நம்பிக்கையோடு கேட்கப்படுவது. பதில் இருக்கிறது. பூனையின் பெயரில் சொத்து எழுத நம் சட்டத்தில் வழியில்லை. மனிதரின் பெயரில்தான் எழுத முடியும். எழுதியாயிற்று. எந்தப் பூனைக்கு எந்த மருந்து, எது யாரோடு சண்டை போடும், எதற்குச் சிறுநீரக உணவு என்று ஒரு நோட்டுப் புத்தகம் அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது. பொறுப்பேற்றிருக்கும் இரண்டு பேரும் மாதாமாதம் வந்து பூனைகளோடு பழகிவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் இதே கேள்வியை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார். வீடு தேடிக்கொண்டிருக்கும் ஒரு சாம்பல் நிறப் பெண்பூனையைக் காட்டி, "வயசு இரண்டு சார், கருத்தடை ஆயிடுச்சு, தடுப்பூசியும் போட்டாச்சு, ஜன்னலுக்கு வலை மட்டும் அடிச்சிட்டீங்கன்னா நாளைக்கே கொண்டுவந்து விட்டுடுறேன்" என்றேன். மருமகளைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.